விருந்தும் விரதமும்

மறைமலை நகரில் ஓர் இல்லத்தில் ஞாயிறுதோறும் மாலையில் கூடி அறநூல் படிப்பது நம்மவர் சிலரின் வழக்கம். கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நூலைப் படித்துப் பொருள் கேட்போம். அண்மையில் அவ்வாறு கூடியிருந்தபோது, அமெரிக்காவில் பணிபுரியும் தம் மகன் தெரிவித்த செய்தி ஒன்றை ஒரு பெரியவர் எடுத்துரைத்தார். தசலக்ஷண பர்வத்தில் சொற்பொழிவாற்ற இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியர் அங்கு அழைக்கப்பட்டிருந்தார். அவரை அங்குள்ள குடும்பங்கள் முறைவைத்துத் தத்தம் இல்லங்களில் தங்கச் செய்தன. நாளொரு வீட்டில் உபசாரம். பர்வம் முடிந்தபின் அவரை நயாகரா அருவிக்கும் அழைத்துச் சென்று காட்டினர். மகன் இதனைப் பெருமையாகவே கூறியிருந்தான். தந்தைக்கோ அது மனத்தில் முள்ளாகத் தைத்தது.

"துறவின் உயர்வை எடுத்துச் சொல்லச் சென்றவருக்கு அருவிக்கரையில் என்ன வேலை?" என்று அவர் கேட்டார். அங்கிருந்த இளைஞர் ஒருவர், "தாத்தா, அவர் முனிவர் அல்லவே, நம்மைப்போல் இல்லறத்தார்தானே? அன்போடு அழைப்பவரிடம் மறுத்துப் பேசினால் அவர்கள் மனம் நோகாதா? அதுவும் இம்சைதானே?" என்றார். கூட்டம் இரு பிரிவாயிற்று. அன்று நூல் படிக்கப்படவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அயல்நாடு செல்லும் ஆசிரியர் அந்நாட்டின் அழகையும் அங்குள்ளோர் அன்பையும் துய்க்கலாமா? துய்க்கலாமெனில் அதற்கு எல்லை எது? அவ்வெல்லையைக் காக்கவேண்டியவர் விருந்தினரா, விருந்தளிப்பவரா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

நூல்கள் காட்டும் அளவு

இன்பமே கூடாது என்று இல்லறத்தாரை நம் அறநூல்கள் விலக்கவில்லை. அளவு வகுத்துக்கொள்க என்றே பணிக்கின்றன. போக உபபோக பரிமாணம் என்னும் விரதம் இதற்காகவே அமைந்தது. உணவு, மலர், சந்தனம் போல ஒருமுறை துய்த்தவுடன் தீர்வன போகம். ஆடை, அணி, இல்லம் போல மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவன உபபோகம். இவ்விரண்டிற்கும் ஒருவன் தானே முன்கூட்டி அளவு குறித்துக்கொள்வது அவ்விரதம். இதில் 'முன்கூட்டி' என்பதே உயிர்ச்சொல். இலையின்முன் அமர்ந்த பின் அளவு வகுக்க முற்படுபவனுக்கு நாவே நீதிபதியாகிவிடும்.

பயணத்திற்கும் நம் மரபில் அளவு உண்டு. எத்திசையில் எவ்வளவு தொலைவுவரை செல்வேன் என்று வரையறுத்துக்கொள்வது திக்விரதம். ஆகவே, அயல்நாட்டுப் பயணத்தின் அறம் விருந்தில் தொடங்குவதன்று; புறப்படும் நாளிலேயே தொடங்குகின்றது. எதன் பொருட்டுச் செல்கிறேன், எத்தனை நாள் தங்குவேன், எவற்றை ஏற்பேன், எவற்றை ஏற்கமாட்டேன் என்று தன் உள்ளத்திற்குள் வரைந்துகொண்டு செல்பவர், எந்த நாட்டில் இருந்தாலும் தம் வேலிக்குள் இருப்பவரே.

பற்றைப் பற்றித் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணமும் இங்கே நினைவுகூரத் தக்கது. பரிக்கிரகம் என்பது பொருள்களின் எண்ணிக்கையில் இல்லை, அப்பொருள்களின்மேல் உள்ளம் கொள்ளும் மூர்ச்சையிலேயே இருக்கின்றது என்பது உமாசுவாமிகளின் முடிபு. அருவியைக் கண்ட கண் பற்றுடையதாகிவிடாது. 'அடுத்த ஆண்டும் என்னையே அழைக்கமாட்டார்களா' என்று அவ்விடத்திலேயே உள்ளம் ஏங்கத் தொடங்குமாயின், அதுவே மூர்ச்சை. அவ்வேக்கம் நாளடைவில் ஆசிரியரின் சொல்லைத் திரிக்கும். அழைப்பவர் விரும்புவதை மட்டும் உரைக்கவும், அவர் குறையை இடித்துரைக்க வேண்டிய இடத்தில் வாய் மூடவும் கற்றுக்கொடுக்கும். விருந்தினால் வரக்கூடிய பெருங்கேடு வயிற்றைச் சார்ந்ததன்று, நாவைச் சார்ந்தது.

முனிவர்களின் உணவுமுறைக்கு நம் உரையாசிரியர்கள் ஐந்து உவமைகள் கூறுவர். மலருக்கு ஊறு செய்யாமல் தேன் கொள்ளும் வண்டு, வண்டியச்சுக்கு இடும் எண்ணெய், பற்றிய தீயை அணைக்கும் நீர், பள்ளத்தை நிரப்பும் மண், மேயும் பசு என்பன அவை. இவற்றுள் பசுவின் உவமை நம் வினாவிற்கு மிக நெருங்கியது. ஆடை அணிகளால் பொலிவுற்ற பெண்ணொருத்தி புல் கொணர்ந்து இட்டாலும், பசு புல்லைப் பார்க்குமேயன்றி அவளுடைய அழகைப் பார்க்காது. அதுபோல, இடுபவரின் செல்வத்தையும் சிறப்பையும் நோக்காது உணவை ஏற்பவர் முனிவர். ஆதலின் முனிவரின் ஆகாரத்தைக் கோசரி என்பர்.

ஆனால், கற்பிக்கச் செல்லும் ஆசிரியருக்கு இவ்வுவமை அப்படியே பொருந்துமா? இடுபவரை நோக்காத ஆசிரியர் யாருக்குக் கற்பிப்பார்? அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் எவ்வகை உணவின் நடுவே அமர்கின்றனர், குடும்பத்தில் வழிபாடு எம்மொழியில் நடக்கின்றது, முதியோரின் தனிமை எத்தகையது என்பவற்றை அறியாது ஆற்றும் சொற்பொழிவு காற்றில் கலந்த ஒலியாகும். எனவே அவருக்கு அவ்வுவமையைச் சற்று மாற்றிக் கொள்ளலாம் என்பது நம் எளிய கருத்து. முனிவர் புல்லை மட்டும் நோக்குக. ஆசிரியர் புல்லின்மேல் ஆசை வையாது இடுபவரை நோக்குக. இருவருக்கும் பொதுவானது ஒன்றே: இடப்பட்டதன் சிறப்பில் மயங்காமை.

கற்படுக்கை சொல்லும் விருந்தோம்பல்

இவ்வறத்தை நாம் வேற்று நாட்டாரிடம் கற்க வேண்டுவதில்லை. நம் தமிழகமே ஒருகாலத்தில் வந்தேறிய ஆசிரியர்களுக்கு விருந்து செய்த நாடுதான். பத்திரபாகு முனிவர் தம் சங்கத்துடன் தென்திசை போந்ததையும், விசாகாசாரியர் தமிழ்நாட்டிற்கு எழுந்தருளியதையும் நம் மரபு போற்றிக் கூறுகின்றது. அவ்வாறு வந்த அறவோர்க்கு நம் முன்னோர் அளித்தவற்றுள் இன்றும் அழியாது நிற்பன மலைக்குகைகளில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளே.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குன்றில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாக அறிஞர் கருதும் தமிழி எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி, கணிநந்தா என்னும் துறவிக்கு அங்கே பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவற்றுள் ஒன்று தெரிவிக்கின்றது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் அம்மலையில் கொடையளித்துள்ளனர். கரூருக்கு அருகே புகழூரில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் அமணத் துறவிக்குச் சேரர் குடியினர் உறைவிடம் அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்ற வேளையில் அக்கொடை நிகழ்ந்தது.

அரசரும் வணிகரும் நினைத்திருந்தால் மாடம் எடுத்திருக்கலாம். மென்பஞ்சு மெத்தை விரித்திருக்கலாம். அவர்கள் அளித்ததோ கல்லினால் ஆன படுக்கை, தலைப்பக்கம் சற்று உயர்த்திய கல்லே தலையணை, மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் நெற்றியில் வெட்டிய விளிம்பு. விருந்தினர் எதை விட்டுவிட்டு வந்தாரோ அதனை மீண்டும் அவர்முன் வைக்காமல், அவருடைய விரதம் எதை ஏற்கும் என்று அறிந்து அதனை மட்டும் செம்மையாகச் செய்தனர். மழையைத் தடுத்தனர், மென்மையைத் திணிக்கவில்லை. விருந்தோம்பலுக்கு இதனினும் நுண்ணிய இலக்கணம் உண்டா?

வந்த ஆசிரியர்களும் வெறுங்கையராய் இருந்துவிடவில்லை. இந்நாட்டு மொழியைக் கற்றனர். அதிலே உண்டு, உறங்கி, சிந்தித்தனர். அவர்களின் வழிவந்தோர் இலக்கணமும் காப்பியமும் நீதிநூலும் நிகண்டும் தமிழில் இயற்றினர். வடநாட்டு அறத்தைத் தமிழ் உடுத்தச் செய்தமையே அவர்கள் இந்நாட்டுப் பண்பாட்டைத் துய்த்த முறை. ஒரு நாட்டின் மொழியை விரும்பிக் கற்பதைவிட அந்நாட்டு விருந்துக்கு உயர்ந்த நன்றி வேறொன்றில்லை. அதனாலன்றோ நம் மரபினர் ஏலாசாரியர் அருளியதாகப் போற்றும் திருக்குறளில், இல்லறவியலில் விருந்தோம்பல் ஓர் அதிகாரமாகவும், துறவறவியலில் புலால் மறுத்தல் ஓர் அதிகாரமாகவும் அமைந்து, ஒரே நூலில் இரண்டும் இணங்கி நிற்கின்றன!

அநுராதபுரத்துப் பாடம்

விருந்து கெட்டுப்போன வரலாறும் ஒன்று உண்டு. கடல் கடந்த இலங்கையில், அநுராதபுரத்தில், பண்டுகாபயன் என்னும் மன்னன் நிகண்டர்களுக்கு உறைவிடங்கள் அமைத்துக் கொடுத்ததாக மகாவமிசம் கூறுகின்றது. நிகண்டர் எனப்படுவோர் நம் நிர்க்கிரந்தத் துறவியரே. அவ்வூரில் அவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். பின்னர் கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் என்னும் அரசன் பகைவரிடம் தோற்று ஓடியபோது, கிரி என்னும் நிகண்டர் அவனை எள்ளி உரக்கக் கூவினாராம். ஆண்டுகள் கழித்து ஆட்சியை மீட்ட அம்மன்னன், அந்த இருப்பிடத்தை இடித்து, அவ்விடத்தில் அபயகிரி விகாரையைக் கட்டினான் என்பது அந்நூற்செய்தி.

இது பௌத்தர் எழுதிய வரலாறு. நம் தரப்புக் கூற்று நமக்கு எஞ்சவில்லை. ஆயினும் அதிலுள்ள பாடம் நமக்குரியதே. மன்னன் செய்தது கொடுமை, அதில் ஐயமில்லை. ஆனால் இருக்க இடம் கொடுத்த நாட்டின் துன்பவேளையில் சொல்லடக்கம் இழப்பது விருந்தினர்க்கு அறமாகாது. சொல்லாலும் உயிர்க்கு ஊறு செய்யலாகாது என்பது நம் முதல் விரதத்தின் பகுதியன்றோ? மிகையாகத் துய்த்தலினால் மட்டும் விருந்தின் அறம் கெடுவதில்லை; அயலாரின் துயரத்திலிருந்து விலகி நின்று நகைப்பதாலும் கெடும். அந்நாட்டில் கால் வைத்தும் உள்ளத்தால் அந்நாட்டாருடன் வாழாத ஆசிரியருக்கு இப்பிழை எளிதில் நேரும்.

கடல் கடந்த ஆசிரியர்கள்

அண்மைக்காலத்திற்கு வருவோம். 1893ஆம் ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் நடைபெற்ற உலகச் சமயப் பேரவைக்கு ஆசாரியர் ஆத்மாராம்ஜி அழைக்கப்பட்டார். கால்நடையாகவே செல்லும் விரதமுடைய அவர் கப்பலேற இயலாது. தம் விரதத்தையும் விடாமல், அழைப்பையும் விடாமல், இல்லறத்தாராகிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தியைத் தம் சார்பில் அனுப்பினார். 1864இல் குஜராத்தின் மகுவாவில் பிறந்த வீர்சந்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவர் தம் புலாலுணவு மறுப்பைக் காத்துக்கொண்டே அங்கு பல இடங்களில் நம் அறத்தை விளக்கினார். இந்தியாவில் கொடும் பஞ்சம் நேர்ந்த 1896–97 காலத்தில், அமெரிக்க மக்களிடம் வேண்டிக் கப்பல் நிறையத் தானியம் அனுப்பச் செய்தார். தாம் பெற்ற விருந்தோம்பலைத் தம் நாட்டின் பசித்த வாய்களுக்குத் திருப்பிவிட்டவர் அவர். அவரையே, கடல் கடந்தார் என்று கூறிச் சமூகத்திலிருந்து விலக்கவேண்டுமென நம்மவர் சிலர் முழங்கினர். ஆசாரியரின் ஆதரவே அவரைக் காத்தது. 1901இல், நாற்பது வயதும் நிறையாமல் அவர் மறைந்தார்.

பின்னர்த் துறவியரே கடல் கடந்தனர். சித்ரபானு 1970இல் ஜெனிவா மாநாட்டிற்குச் சென்றார். கடும் எதிர்ப்பும் எழுந்தது. அவர் பின்னர்த் துறவுக்கோலத்தை விடுத்து, அமெரிக்காவில் ஆசிரியராகவே வாழ்ந்தார். ஆசாரியர் சுசீல்குமார் 1975இல் வானூர்தியில் சென்று, 1983இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் சித்தாசலத்தை நிறுவினார். ஆசாரியர் துளசி வேறொரு வழி கண்டார். முழுத் துறவின் விதிகளைத் தளர்த்தாமல், 1980இல் லாட்னூனில் சமணியர் என்னும் இடைநிலை அணியை ஏற்படுத்தினார். அவர்கள் ஊர்தியில் செல்லலாம். தமக்கென ஆக்கிய உணவையும் ஏற்கலாம். ஏனைய ஒழுக்கங்களில் தளர்வில்லை. இன்று அவர்கள் பல நாடுகளில் கற்பிக்கின்றனர்.

இவர்களுள் யார் செய்தது சரி என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. அவரவர் நிலைக்கு ஏற்ற வேலியை அவரவர் வகுத்துக்கொண்டனர். நாம் உன்னவேண்டியது ஒன்று. முனிவருக்கென்று தனியே ஆக்கிய உணவு உத்திஷ்டம் எனப்பட்டு விலக்கப்படுகின்றது. குடும்பம் தனக்கென ஆக்கியதில் ஒரு பங்கே முனிவருக்கு உரியது. அதிதி சம்விபாகம் என்னும் பெயரிலேயே 'பங்கிடுதல்' என்னும் பொருள் அமைந்துள்ளது. பயணம் செய்யும் ஆசிரியருக்கு இவ்விதி தளர்த்தப்படும்போது, அவரைக் காத்துவந்த ஒரு சுவர் நீங்குகின்றது. அச்சுவர் நின்ற இடத்தில் இனி நிற்கவேண்டியவர் விருந்தளிக்கும் இல்லறத்தாரே.

கதிரவன் கேட்கும் கேள்வி

இது வெறும் கோட்பாடு அன்று. இரவு உண்ணாமை என்னும் நம் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஆண்டு முழுவதும் கதிரவன் மறையும் நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடே உண்டு. இலண்டனில் ஜூன் மாதத்தில் மாலை ஒன்பது மணியைக் கடந்தே பொழுது சாயும். டிசம்பரிலோ நான்கு மணிக்குள் இருள் கவியும். கோடையில் அங்கு செல்லும் ஆசிரியருக்கு இடர் இல்லை. குளிர்காலத்தில் செல்பவரோ பிற்பகல் மூன்றரை மணிக்குள் உணவை முடிக்கவேண்டும். விருந்தளிப்பவர் அலுவலகத்திலிருந்து மீள்வதற்கோ ஆறு மணி ஆகும்.

இப்போது என் செய்வது? 'இன்று ஒருநாள் எங்களுடன் அமர்ந்து உண்ணுங்கள்' என்று அவர்கள் அன்போடு வற்புறுத்தினால், ஆசிரியர் விரதத்தை இழப்பார். அல்லது அவர்களுடைய மனம் நோகும். பிழை அன்பில் இல்லை. அன்பு வெளிப்படும் வழியில் உள்ளது. அக்குடும்பம் காலையிலேயே அடுப்பேற்றி, ஆசிரியர் தனியே உண்ண ஏற்பாடு செய்துவிட்டு, மாலையில் உணவின்றி ஒரு மணி நேரம் அவருடன் பிள்ளைகளை அமர்த்திப் பேசவைத்தால், அதுவே உயர்ந்த விருந்து. ஆசிரியரும், 'உங்களால் அல்லவா நான் மூன்று மணிக்கே உண்ண நேர்ந்தது' என்ற குறிப்புச் சிறிதும் காட்டாமல் இருந்தால், அதுவே உயர்ந்த விருந்தேற்பு. மனம் நோகச் செய்யாமையின் பெயரால் விரதத்தை விடுவதும், விரதத்தின் பெயரால் மனத்தைப் புண்படுத்துவதும் ஆகிய இரண்டையும் தவிர்க்கும் வழி, முன்கூட்டிப் பேசிக்கொள்வதில் இருக்கின்றது.

முனிவரை எதிர்கொள்ளும் முறையில் ஒன்பது வகை உபசாரம் நம் நூல்களில் வகுக்கப்பட்டுள்ளதை நாம் அறிவோம். எதிர்கொள்ளல், உயர்ந்த இருக்கை அளித்தல், பாதம் கழுவுதல், அருச்சித்தல், வணங்குதல், மனத்தூய்மை, சொல்தூய்மை, உடல்தூய்மை, உணவுத்தூய்மை என்பன அவை. எண்ணிப் பாருங்கள்: ஒன்பதில் உணவைப் பற்றியது ஒன்றே, அதுவும் தூய்மையைக் கேட்கின்றதேயன்றிச் சுவையையோ வகைகளின் எண்ணிக்கையையோ கேட்கவில்லை. ஏனைய எட்டும் விருந்தளிப்பவரின் பணிவையும் தூய்மையையும் பற்றியவை. நாமோ எட்டையும் சுருக்கிவிட்டு ஒன்பதாவதை மட்டும் பதினெட்டாக்கிப் பரிமாறுகின்றோம்!

புறநகரும் ஓர் அயலூரே

அமெரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாம் நம் நிலையையும் நோக்குவோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களில், ஜினாலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவில் வாழ்ந்த நாம், வேலையின் பொருட்டுத் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் மறைமலை நகரிலும் குடியேறினோம். ஊரில் முனிவர் எழுந்தருளினால் ஒரு தெருவே வாசலில் நின்று எதிர்கொள்ளும். இங்கே முனிவர் பெருஞ்சாலை வழியே விடியற்காலையில் நடந்து செல்வதை, முறைப்பணிக்குச் செல்லும் பேருந்தின் சாளரம் வழியே கண்டு கைகூப்புகின்றோம். ஆகாரம் அளிக்க விரும்பினாலும், அடுக்ககத்தில் கிணற்றுநீர் இல்லையே, இடம் இல்லையே என்று தயங்குகின்றோம். அவ்வகையில் புறநகரும் நமக்கு ஓர் அயலூரே.

இந்நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகளும் கடல் கடந்து விருந்தேற்ற ஆசிரியர்தாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் துறவுவாழ்வு மேற்கொண்ட அவர், 1914 தொடங்கிச் சில முறை இலங்கை சென்று சொற்பொழிவாற்றினார். அவர் சைவர்; நம் சமயத்தார் அல்லர். எனினும் புலால் மறுப்பை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர் என்பதால் நமக்கு அணுக்கமானவர். அவர் அரிதின் ஈட்டிச் சேர்த்த நூல்களெல்லாம், 1950இல் அவர் மறைந்தபின் பொதுமக்களுக்குரிய நூலகமாயின. ஆசிரியர் ஒருவர் தம் வாழ்வில் பெற்றவை எங்கே சென்று சேர்கின்றன என்பதைக் கொண்டே அவர் பெற்றமை நன்றோ தீதோ என்று அறியலாம்.

நம்மவர் விருந்தளித்த நல்லதோர் நிகழ்ச்சியும் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, அதிலுள்ள சமணக் கோட்பாடுகள் விளங்காது இடர்ப்பட்டார். அவ்வூரில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய நம் முன்னோரை நாடிச் சென்றார். சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்வதை அவர்கள் தம் இல்லத்தில் விழாவாகவே கொண்டாடுவதைக் கண்டு வியந்தார். அவர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். 1887இல் அந்நூல் அச்சேறியது. சைவ மரபில் வந்த அந்த ஆசிரியருக்கு நம்மவர் இட்ட பெருவிருந்து நூற்பொருளே. அவர்கள் அவருக்காகப் புதிதாக எதனையும் ஏற்பாடு செய்யவில்லை. தம் இல்லத்தில் வழக்கமாக நடந்துவந்த படிப்பிலேயே அவருக்கும் ஒரு பங்கு அளித்தனர். இதுவே உண்மையான சம்விபாகம்.

இக்காலத்தில் அயல்நாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் நம் அறத்தைப் பயில இந்தியாவிற்கு வருகின்றனர். சமணக் கல்விக்கென அமைந்த பன்னாட்டுப் பள்ளி ஒன்று 2005 முதல் அவர்களை அழைத்துவந்து பயிற்றுகின்றது. அத்தகையோர் நாளை மேல்சித்தாமூருக்கோ திருமலைக்கோ பொன்னூர் மலைக்கோ வந்து, வழியில் நம் இல்லத்தில் ஒருநாள் தங்கினால், நாம் எதனைக் காட்டுவோம்? பட்டாடையையும் பலகாரத்தையும் மட்டுமா? 'இந்நூலை உங்கள் வீட்டில் யார் படிக்கிறார்கள்?' என்று அவர் கேட்டால், நம் பிள்ளைகள் யாரைச் சுட்டிக்காட்டுவார்கள்? அருங்கலச்செப்பு நம் தாய்மொழியிலேயே இல்லறத்தார் ஒழுக்கத்தை எடுத்துரைக்கின்றது. அதனைத் திறக்காத வீட்டில் எத்தனை வகை உணவு பரிமாறினாலும், வந்த ஆசிரியர் பசியோடுதான் திரும்புவார்.

அருவிக்கரையில்

இனி, அப்பெரியவரின் கேள்விக்கு வருவோம். அருவியைக் காணச் சென்றது குற்றமா?

நீரும் உயிர் என்று கூறுவது நம் அறம். ஒரு துளி நீரில் எண்ணற்ற நீருயிர்கள் உறைகின்றன என்று சிறுவயதிலேயே கேட்டு, வடிகட்டிய நீரை அளவோடு பருகப் பழகியவர்கள் நாம். அவ்வறம் அறிந்த ஆசிரியர் ஒருவர் அப்பேரருவியின் முன் நிற்கும்போது, அவருக்கு அது வெறும் காட்சிப்பொருள் ஆகாது. உடன் வந்த பிள்ளைகளை அருகழைத்து, 'இங்கே வீழ்வது நீர் மட்டுமன்று. எண்ணிறந்த உயிர்களின் ஓட்டம். உங்கள் வீட்டுக் குழாயில் வீணே ஒழுகுவதும் இதே உயிர்களே' என்று அவர் கூறியிருப்பாரேயானால், அன்று அவ்விடமே அவருடைய பள்ளி. அப்பிள்ளைகள் பத்து நாள் சொற்பொழிவை மறந்தாலும் அதனை மறவார். அவ்வாறின்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடுத்து எங்கே என்று வினவியிருப்பாரேயானால், அவர் அருவிக்குச் செல்லாமல் அறையிலேயே இருந்திருந்தாலும் பெரும்பயன் விளைந்திராது.

ஆகவே, பெரியவரின் அச்சமும் மெய். இளைஞரின் பரிவும் மெய். துய்த்தல் விலக்கப்பட்டதன்று; அளவின்றித் துய்த்தலும், துய்த்ததில் மயங்குதலும், மயங்கியதால் சொல் தளர்தலுமே விலக்கத்தக்கவை. விருந்தேற்கும் ஆசிரியர் இரவில் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இன்று நான் ஏற்றவற்றுள் என் அளவைக் கடந்தது எது? நான் உண்டதால் இவ்வீட்டில் யாருக்கு உழைப்பும் செலவும் மிகையாயின? இவர்கள் கேட்க விரும்பாத, ஆனால் கேட்கவேண்டிய ஒரு சொல்லை நான் விழுங்கிவிட்டேனா? விருந்தளிப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இன்று இவருக்காக நாம் கடைப்பிடித்த தூய்மை, இவர் சென்ற மறுநாளும் நம் சமையலறையில் இருக்குமா?

அடுத்த ஞாயிறு கூடியபோது இவற்றையெல்லாம் பேசினோம். முழுவதும் கேட்டிருந்த அப்பெரியவர், "சரி, மகனிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த ஆசிரியர் வந்து சென்ற பிறகு அவர்கள் வீட்டில் இரவு உணவு எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, "முதலில் நம் வீட்டில் எத்தனை மணிக்கு என்று பார்க்கவேண்டும்" என்றும் சொன்னார். முறைப்பணி முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் நம்மில் பலர் இல்லத்தில் உண்டு. அவர்கள் எப்போது, என்ன உண்பது என்று அன்று நெடுநேரம் கலந்து பேசினோம். பணிக்குச் செல்லுமுன் உணவு கட்டிக்கொடுத்து, பொழுது சாயுமுன் கிடைக்கும் இடைவேளையில் உண்ணச் செய்யலாம் என்று தாய்மார் இருவர் முன்வந்தனர். எந்த ஆசிரியரும் வராத ஒரு சாதாரண நாளில் எடுத்த அம்முடிவே, இனி என்றோ வரப்போகும் ஆசிரியருக்கு நம் இல்லங்கள் இடும் முதல் விருந்து என்று கருதுகின்றோம்.

அறம் வளர்க! மும்மணி நெறி ஓங்குக!